ஊருணித் தண்ணி இனிக்கும், சரி... குடிக்கலாமா?

மக்களே, ஆணி கொஞ்சம் ஜாஸ்தியாப் போனதால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னைக்கு எழுத வச்ச புண்ணியம் ஒரு வாட்ஸப் ஃபார்வர்டுக்கு. "நம்ம முன்னோர்கள் ஊருணித் தண்ணியைக் குடிச்சு நூறு வயசு வாழ்ந்தாங்க, நாம ஆர்.ஓ. மெஷின் வாங்கி நோயையும் சேர்த்து வாங்குறோம்"னு ஆரம்பிச்சு, "தமிழனா இருந்தா பகிரவும்"னு முடியுற வழக்கமான சரக்கு. கூடவே பச்சைப் பசேல்னு ஒரு செட்டிநாட்டு ஊருணியோட படம். நூறு வயசு வாழ்ந்தவங்க யாருன்னு தேடினா, எங்க குடும்பத்துல ஒருத்தரும் இல்ல :-)

நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். படிச்சது பொறியியல்னாலும் தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா காரைக்குடிப் பக்கத்து ஆளு. சின்ன வயசுல லீவுக்கு ஊருக்குப் போறப்ப, அப்பத்தா பழைய கதை சொன்னா பாதி தண்ணிக் கதையாத்தான் இருக்கும். எந்த ஊருணி எந்த மாசம் வத்தும், எந்தக் கிணறு உவர்க்கும், யார் வீட்டுத் தண்ணியில பருப்பு வேகாது... இப்படி. அந்தக் கதையெல்லாம் வச்சுப் பார்த்தா, முன்னோர்கள் முட்டாள்கள் இல்லதான். அதே சமயம் ஃபார்வர்டு சொல்ற மாதிரி எல்லாம் தெரிஞ்ச ஞானிகளும் இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சது எது, தெரியாதது எதுன்னு பிரிச்சுப் பார்க்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

செட்டிநாட்டுல வருசம் பூரா ஓடுற ஆறுன்னு ஒன்னு கிடையாது. வருசத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிடும். கீழ செம்மண், அதுக்கும் கீழ செம்புறாங்கல். காவிரிப்பூம்பட்டினத்திலேர்ந்து வந்து இங்க குடியேறினதா நகரத்தார் மரபு சொல்லுது. கழிமுகத்துல இருந்தவங்க இந்த வறண்ட காட்டுல வந்து உக்காந்தா முதல் கவலை என்னவா இருந்திருக்கும்னு சொல்லவா வேணும்?

இங்க இருக்குற பெரிய வீடுகள்ல பெரும்பாலானது 19ஆம் நூற்றாண்டு நடுவிலேர்ந்து 1940கள் வரைக்கும் கட்டினது. சுற்றுலா வர்றவங்க பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் பார்த்து வாயைப் பொளப்பாங்க. கழுத்தைக் கொஞ்சம் தூக்கி ஓட்டைப் பார்க்கணும். நாலு பக்கக் கூரையும் உள்பக்கமாச் சரிஞ்சு வளவுல வந்து இறங்கும். மழை வந்ததும் ஓட்டுத் தூசி போற வரைக்கும் விட்டுட்டு, அப்புறம் அண்டா, குடம்னு வீட்டுல இருக்குற ஏனம் பூரா கொண்டு வந்து வச்சுப் பிடிப்பாங்க. மிச்சத் தண்ணி வளவுலேர்ந்து தெருவுக்கு, தெருவிலேர்ந்து வரத்துக்கால்ல ஓடி ஊருணிக்கு. ஊருணி நிறைஞ்சா கலுங்கு வழியா அடுத்த ஊருணிக்கோ கண்மாய்க்கோ. தெருவெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கே, அதுல ஒரு வாட்டமும் இருக்கும். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல ஏறினதுக்கு வீடு மட்டும் காரணமில்ல, இந்தத் தண்ணி ஏற்பாடும் சேர்த்துத்தான். தமிழ்நாடு அரசு 2003ல மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினப்போ, மெட்ராஸ்ல எல்லாரும் அவசர அவசரமா பிளாஸ்டிக் குழாய் மாட்டினாங்க. எங்க ஊர் வீடுகளுக்கு அது புதுசா ஒன்னும் சொல்லல.

ஊருணின்னாலே ஊர் உண்ணும் நீர்தான். குறள்லயே ஒப்புரவறிதல் அதிகாரத்துல வர்ற சொல். குடிக்க ஒரு ஊருணி, குளிக்க வேற, மாடு கழுவக் கண்மாய். குடிக்கிற ஊருணியில காலை விடக் கூடாது, செருப்போட படியிறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. சில ஊர்ல காவலுக்கு ஆளே உண்டு.

அது சரி, ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலயும் கிணறு இருக்கே, கண்ணாடி மாதிரி தெளிவாத் தண்ணி இருக்கே, அதை விட்டுட்டு ஏன் செம்மண் கலந்த ஊருணித் தண்ணிக்கு நடந்தாங்க?

இங்கதான் விசயமே இருக்கு. நம்ம பாஷையில "நல்ல தண்ணி"ன்னா என்ன அர்த்தம்? சுத்தமான தண்ணின்னு அர்த்தம் இல்ல. உப்பில்லாத தண்ணி. நல்ல தண்ணிக்கு எதிர்ப்பதம் கெட்ட தண்ணி இல்ல, உப்புத் தண்ணி! தமிழ்நாட்டுல எந்த ஊர்லயும் "நல்ல தண்ணிக் கெணறு எங்க இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க, உப்பில்லாத கிணத்தைத்தான் காட்டுவாங்க. நிலத்தடித் தண்ணி மண்ணுக்கும் பாறைக்கும் நடுவுல வருசக்கணக்காக் கெடந்து உப்பு, சுண்ணாம்பு எல்லாத்தையும் கரைச்சு வச்சுக்கும். ஊருணியில இருக்குறது போன மழை, அவ்வளவுதான். கரைய நேரமே இல்ல. அதனால இனிக்கும்.

அப்பத்தா கிட்ட மூணு பரிசோதனை இருந்துச்சு. நாக்குல வச்சா உவர்க்கக் கூடாது. துவரம்பருப்பு போட்டா மலரணும். துணிக்குச் சோப்பு போட்டா நுரைக்கணும். எங்க ஊர்ல பொண்ணு பார்க்கப் போனாக்கூட "அந்த ஊர்த் தண்ணியில பருப்பு வேகுமா?"ன்னு விசாரிப்பாங்களாம். சிரிக்காதீங்க, இது அசல் வேதியியல். கால்சியமும் மெக்னீசியமும் அதிகமா இருந்தா பருப்புத் தோல் இறுகிப் போகும், சோப்பு நுரைக்காம திரிஞ்சு போகும். ஆய்வுக்கூடத்துல கடினத்தன்மைன்னு அளக்குறதை அடுப்படியில அளந்திருக்காங்க. கண்ணு கலங்கலைப் பார்க்கும், நாக்கு உப்பைப் பார்க்கும், பருப்பும் சோப்பும் கடினத்தன்மையைப் பார்க்கும். ஆனா இத்தனையும் சேர்ந்தும் அளக்க முடியாத சங்கதி ரெண்டு இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

கலங்கலுக்கு என்ன பண்ணாங்க? தேத்தாங்கொட்டை. மண்பானையோட உள்பக்கத்துல, இல்லேன்னா ஒரு கல்லுல, லேசா ரெண்டு இழைப்பு இழைச்சுத் தண்ணியை ஊத்தி வச்சா, காலையில மண்ணெல்லாம் அடியில. எப்படின்னா, களிமண் துகள் ரொம்பப் பொடிசு, ஒவ்வொன்னுலயும் எதிர் மின்னேற்றம். ஒன்னையொன்னு தள்ளிக்கிட்டே இருக்குறதால அதுபாட்டுக்கு நாள்கணக்குல மிதக்கும், படியாது. தேத்தாங்கொட்டையில இருக்குற பசை மாதிரியான நீண்ட மூலக்கூறுகள் இந்தத் துகள்களைப் பிடிச்சுக் கோத்துப் பெருசாக்கிடும், கனமாகிக் கீழ போயிடும். மாநகராட்சி சுத்திகரிப்பு நிலையத்துல படிகாரம் போடுறதும் இதே கதைதான். மண்ணோட சேர்ந்து கொஞ்சம் கிருமியும் அடியில போகும். எல்லாம் போகாது.

இன்னொரு ஏற்பாடு எனக்கு இதை விடப் பிடிச்சது. பல ஊருணிகள்ல நட்ட நடுவுலயோ கரையோரமாவோ ஒரு கிணறு இருக்கும். "தண்ணிக்குள்ள கிணறு வெட்டுனவன் எவன்டா"ன்னு சின்ன வயசுல சிரிச்சிருக்கோம். ஊருணித் தண்ணி மண்ணு, மணல் வழியாக் கசிஞ்சு கிணத்துக்குள்ள வரும்போது வடிகட்டிடும். கோடையில ஊருணி வத்தினாலும் அதுல கொஞ்ச நாள் ஊறிக்கிட்டு இருக்கும். மணலோட சக்தியைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. 1892ல ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல காலரா வந்து 8,600 பேருக்கு மேல செத்தாங்க. ஒட்டினாப்புல இருக்குற ஆல்டோனா ஊரும் அதே எல்பே ஆத்துத் தண்ணியைத்தான் எடுத்துச்சு, அதுவும் ஹாம்பர்க் சாக்கடை கலந்ததுக்குக் கீழ. ஆனா ஆல்டோனாவுல மணல் வடிகட்டி இருந்துச்சு, ஹாம்பர்க்ல இல்ல. ரெண்டு ஊர் எல்லையா இருந்த தெருவுல ஒரு பக்கம் காலரா, எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட ஒன்னுமில்ல. தண்ணி வழியாத்தான் காலரா வருதுங்குறதுக்கு அதை விடப் பெரிய சாட்சி வேணுமா?

சின்னதா ஒரு கிளைக்கதை. எல்லாக் கலங்கலும் தேத்தாங்கொட்டைக்கு அடங்காது. போன வருசம் கொஞ்ச நாள் ஆன்சைட்ல கோலாலம்பூர்ல இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை சிலாங்கூர்ல கோல லங்காட் பக்கம் போனப்போ, வாய்க்கால்ல ஓடின தண்ணி கட்டஞ்சாயா கலர்ல இருந்துச்சு. சாக்கடையோன்னு நினைச்சேன். இல்லையாம், அது கரிமண் நிலம், இங்கிலீஷ்ல பீட்டுன்னு சொல்றது. செத்த மரம் மட்டை தண்ணிக்குள்ளயே காத்தில்லாமக் கெடந்து, முழுசா மக்காம ஆயிரக்கணக்கான வருசமாச் சேர்ந்த மண்ணு. நிலக்கரிக்குப் பிள்ளைப்பருவம்னு வச்சுக்கோங்க. நம்ம நீலகிரிப் பள்ளத்தாக்குகள்லயும் கொஞ்சம் உண்டு. அதைத் தோண்டித்தான் இருபதாயிரம் வருசத்துக்கும் முந்தின பருவநிலையைக் கணக்குப் போட்டிருக்காங்க.

மலேயாவுக்கு நம்ம ஊர்லேர்ந்து லேவாதேவிக்குப் போன செட்டியார்களும், எஸ்டேட் வேலைக்குப் போன தமிழ்ச் சனங்களும் முதல்முதலா இந்தத் தண்ணியைப் பார்த்து என்ன நினைச்சிருப்பாங்க? நாக்குப் பரிசோதனையில அது பாஸ்: உப்பில்ல. பருப்பும் வேகும், சோப்பும் நுரைக்கும். கண்ணுல மட்டும்தான் ஃபெயில். அந்தப் பழுப்பு மிதக்குற மண்ணு இல்ல, சர்க்கரை மாதிரி கரைஞ்சே போன சமாச்சாரம். பானையில வச்சாலும் படியாது, துணியில வடிகட்டினாலும் நிக்காது. கரிமண் நிலத்துல கிணறு வெட்டினாலும் அதே கலர்தான் ஊறும். அதுக்கு மேல புளிப்பு வேற. வெப்பமண்டலக் கரிமண் தண்ணியில பி.எச். 3, 4 எல்லாம் சகஜம். புளிப்புத் தண்ணி உலோகத்தைக் கரைக்கும். இங்கிலாந்துல ஷெஃபீல்டு நகரத்துக்குக் கரிமண் மேட்டு நிலத்திலேர்ந்து தண்ணி வந்துச்சு, 1880கள்ல அது ஈயக்குழாயைக் கரைச்சு ஊர்ச்சனத்துக்கே ஈய விஷம் ஏறிடுச்சு. சரி, கிருமிக்குப் பயந்து குளோரின் போடலாம்னா, அதுலயும் ஒரு வம்பு. 1974ல ராட்டர்டாம் குடிநீர் நிலையத்துல வேலை பார்த்த ரூக்குங்கிற வேதியியலாளர், தண்ணியில இருக்குற இந்தப் பழுப்புப் பொருளும் குளோரினும் சேர்ந்தா குளோரோஃபார்ம் மாதிரியான சாமான்கள் உருவாகுதுன்னு கண்டுபிடிச்சார். முதல்ல பழுப்பை எடுத்துட்டு அப்புறம்தான் குளோரின் போடணும். அதனாலதான் கரிமண் பகுதி ஊர்கள்ல கிணத்துத் தண்ணியைத் துவைக்க, குளிக்க வச்சுக்கிட்டு, குடிக்கக் கூரை மழையைப் பிடிச்சு வைக்குற வழக்கம் இருக்கு. கடல் தாண்டிப் போனாலும் நம்ம வளவுக் கதைதான்.

கிளைக்கதை போதும், ஊருக்குத் திரும்புவோம். கண்ணுக்கும் நாக்குக்கும் சிக்காத ரெண்டு சங்கதின்னு சொன்னேனே, முதலாவது உயிருள்ளது.

நரம்புச் சிலந்தி கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம தலைமுறையில நிறையப் பேருக்குப் பேரே தெரியாது, அதுவே ஒரு பெரிய வெற்றிக் கதை. தண்ணியில சைக்ளோப்ஸ்னு ஒரு பூச்சி, புள்ளி அளவுதான் இருக்கும். அதுக்குள்ள இந்தப் புழுவோட குஞ்சு. தண்ணியோட சேர்த்து முழுங்கினா வயித்து அமிலத்துல பூச்சி செத்துடும், குஞ்சு தப்பிச்சு உடம்புக்குள்ள போயிடும். ஒரு வருசம் ஒன்னுமே தெரியாது. அப்புறம் ஒரு நாள் காலுல கொப்புளம், நெருப்பு வச்ச மாதிரி எரிச்சல். கொப்புளம் உடைஞ்சா உள்ளேர்ந்து வெள்ளை நூல் மாதிரி புழு தலை நீட்டும். நீளம் ஒரு மீட்டர் வரைக்கும்! இழுத்தா அறுந்துடும், அறுந்தா சீழ் பிடிக்கும். அதனால ஒரு குச்சியில சுத்திச் சுத்தி, நாளுக்குக் கொஞ்சமா வாரக்கணக்குல வெளிய எடுக்கணும். அறுவடை நேரத்துல வந்தா அந்தக் குடும்பம் அந்த வருசம் அவ்வளவுதான்.

இதுல கொடுமை என்னன்னா, எரியுற காலுக்கு இதமா எதைத் தேடுவோம்? தண்ணியைத்தான். படியிறங்கிக் காலை நனைச்ச அடுத்த நொடி புழு லட்சக்கணக்குல குஞ்சு போடும். அதைச் சைக்ளோப்ஸ் தின்னும். அந்தத் தண்ணியை ஊரே குடிக்கும். இந்தச் சுற்றுல சைக்ளோப்ஸோட பங்கை 1870ல ரஷ்யாக்காரர் ஃபெட்சென்கோ துர்க்கிஸ்தான்ல வச்சுக் கண்டுபிடிச்சார். ஆக, படியிறங்கித் தண்ணி எடுக்குற எந்த ஏற்பாடும், படிக்கிணறோ படித்துறை வச்ச ஊருணியோ, இந்தப் புழுவுக்குன்னே கட்டி வச்ச மாளிகை. தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குங்குறது அதுக்கு ஒரு பொருட்டே இல்ல.

இப்ப அந்தப் பழைய விதியை யோசிச்சுப் பாருங்க: குடிக்கிற ஊருணியில காலை விடாதே. காரணமா அவங்க சொன்னது தீட்டு, மரியாதை. ஆனா நரம்புச் சிலந்தியோட சுற்றை அறுக்குற சரியான இடம் அதுதான்! வேட்டித் துணியை மடிச்சுப் பானை வாயில கட்டி வடிகட்டுற வழக்கமும் அப்படித்தான். சைக்ளோப்ஸ் துணியில நின்னுடும். பழைய சேலையை நாலா மடிச்சு வடிகட்டினா காலராகூட ஏறக்குறையப் பாதி குறையுதுன்னு ரீட்டா கோல்வெல் குழு வங்கதேசத்துல செஞ்ச ஆய்வு 2003ல வெளிவந்துச்சு. பாதிதான், முழுசா இல்ல.

இந்தியாவுல நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டம் 1983-84ல ஆரம்பிச்சப்போ நோய் இருந்த மாநிலங்கள் ஏழு, தமிழ்நாடும் அதுல ஒன்னு. அதுல முதல்ல விடுபட்டதும் தமிழ்நாடுதான். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. படிக்கிணத்தை மூடி வாளி போட்டு இறைக்குற கிணறாக்குறது, அடிகுழாய் போடுறது, துணியில வடிகட்டச் சொல்றது, பூச்சிக்கு மருந்து தெளிக்குறது, கொப்புளம் வந்தவரைத் தண்ணிப் பக்கம் விடாம இருக்குறது. இவ்வளவுதான். கடைசி நோயாளி 1996 ஜூலையில, ராஜஸ்தான் ஜோத்பூர் பக்கம். 2000 பிப்ரவரியில உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துச்சு. 1980கள்ல உலகம் பூரா வருசத்துக்கு லட்சக்கணக்குல இருந்தது, 2023ல மொத்தமே 14 பேர்.

புழுவாவது துணியில நிக்கும். காலரா, டைபாய்டு கிருமிக்கு அதெல்லாம் ஜல்லடை. 1884ல ராபர்ட் காக் கல்கத்தாவுல காலராக் கிருமியைத் தேடி அலைஞ்சப்போ, நோயாளி உடம்புல மட்டுமில்ல, சுத்தி இருந்தவங்க குடிக்கவும் குளிக்கவும் வச்சிருந்த ஒரு குளத்துத் தண்ணியிலயும் அதைக் கண்டார். நம்ம ஊருணிக்கு அது ஒன்னு விட்ட சொந்தம்தான். படியில காலை வைக்காம இருக்கலாம், ஆனா ஐப்பசி முதல் மழை தெருவையும் கொல்லையையும் கழுவிக்கிட்டு வரத்துக்கால் வழியா எங்க போகுது? "அந்தக் காலத்துல வாந்திபேதியில வீட்டுக்கு ஒன்னு போகும்பா"ன்னு அப்பத்தா சாதாரணமாச் சொல்லும். இனிக்குற தண்ணிக் கதையைச் சொன்ன அதே வாயாலதான். ரெண்டையும் அது சேர்த்துப் பார்த்ததே இல்ல.

இன்னொன்னையும் ஃபார்வர்டுக்காரங்க சொல்ல மாட்டாங்க. "ஊர் உண்ணும் நீர்"ல ஊருங்குறது யாரு? அந்தச் சுத்தக் காவல்ல பாதி, யாரைக் கிட்ட விடக் கூடாதுங்குற காவல். 1931 ஜூன்ல, சிவகங்கை எல்லாம் சேர்ந்திருந்த பழைய ராமநாதபுரம் ஜில்லாவுல ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடருக்கும் தேவேந்திரகுல வேளாளருக்கும் பதினோரு தடை போட்டாங்க. ஹட்டன் தன்னோட சாதி பத்தின புத்தகத்துல அந்தப் பட்டியலைப் பதிவு பண்ணியிருக்கார். அதுல ஒன்னு தண்ணிக்குடம் பத்தினது: அவங்க வீட்டுப் பெண்கள் மண்குடத்துலதான் தண்ணி எடுக்கணும், செம்பும் பித்தளையும் கூடாது. சுமக்குறதுக்குத் தலையில வைக்கோல்தான் சும்மாடு, துணி கூடாது. படிச்சப்போ ரொம்ப நேரம் வேற வேலை ஓடல எனக்கு.

செம்புக் குடத்துல தண்ணியை 16 மணி நேரம் வச்சிருந்தா வயித்துப்போக்குக் கிருமிகள் செத்துப் போகுதுன்னு 2012ல பெங்களூருல ஒரு ஆய்வுக் குழு காட்டுச்சு. தடை போட்டவங்களுக்குக் கிருமியும் தெரியாது, ஆய்வும் தெரியாது. அவங்களுக்குச் செம்புங்குறது அந்தஸ்து, அவ்வளவுதான். ஆனா முன்னோர் அறிவியல்னு இன்னைக்கு செம்பு பாட்டில் ரெண்டாயிரம் ரூபாய்க்கு விக்குறவங்க, எந்த முன்னோருக்கு அது கிடைச்சது, எந்த முன்னோருக்கு மறுக்கப்பட்டதுன்னும் ஒரு வரி சேர்த்துப் போடலாம். நல்ல ஊருணியில கையை வைக்க முடியாதவங்களுக்கு மிஞ்சினது கண்மாயும் ஊத்துக்குழியும்.

அடிகுழாய் வந்தப்போ, அது போட்டது எல்லாருக்கும் பொதுவான இடத்துல. எல்லா ஊர்லயும் அப்படின்னு சொல்ல மாட்டேன், ஆனா அரசாங்கக் குழாய்க்கு ஊருணி மாதிரி பரம்பரைக் காவல் போட முடியல. 1971ல தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், 70களோட பின்பாதியில கோயம்புத்தூர்ப் பக்கம் சோதிச்சு எடுத்த மார்க் 2 அடிகுழாய், அப்புறம் ஊருக்கு ஊர் போர். ஆழத்திலேர்ந்து மூடின குழாயில வர்ற தண்ணியில சைக்ளோப்ஸ் கிடையாது, கிருமியும் ரொம்பக் கம்மி. நாக்கு மட்டும் முணுமுணுத்துச்சு: "இது சப்புனு இருக்கு, உவர்க்குது." நியாயமான புகார்தான். ஆனா உயிர்க் கணக்குல போர் ஜெயிச்சிடுச்சு.

ஜெயிச்ச இடத்துலதான் ரெண்டாவது சங்கதி. ஃபுளோரைடு. உப்பு மாதிரி உவர்க்காது, நிறமில்ல, வாசனை இல்ல. கண்டுபிடிச்ச கதை நம்ம கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டோட சேர்ந்தது. 1937ல ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரின்னு மூணு பேர், அப்போ மெட்ராஸ் மாகாணத்துல இருந்த நெல்லூர் ஜில்லாவுல பல்லு பழுத்து, முதுகெலும்பு கட்டை மாதிரி இறுகிப் போன கிராமத்துச் சனங்களைப் பார்த்து, காரணம் கிணத்துத் தண்ணியில இருக்குற ஃபுளோரைடுன்னு எழுதினாங்க. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 1.5. கடும்பாறைப் பகுதியில ஆழமாப் போகப் போக இது கூடுற இடங்கள் உண்டு. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இதுல பட்ட பாடு தெரிஞ்சதுதான், 2013ல ஒகேனக்கல் தண்ணி வந்ததே அதுக்காகத்தான். இதுல முக்கியமான விசயம், கொதிக்க வச்சா ஃபுளோரைடு போகாது. தண்ணி ஆவியாகி அளவு கூடத்தான் செய்யும். கிருமிக்கு மருந்தா இருக்குறது இங்க எதிரி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, எங்க ஊருணியைத் தூர் வாரி, கரை கட்டி, தண்ணி நிஜமாவே கண்ணாடி மாதிரி கெடந்துச்சு. சித்தப்பா கேட்டார்:

"ஏப்பா, இந்தத் தண்ணியை எடுத்துக் குடிச்சா என்ன? எங்க ஆத்தா இதைக் குடிச்சுத்தானே என்னைப் பெத்துச்சு?"

"சித்தப்பா, ஒரு நாள் பொறுங்க, காட்டுறேன்"னு சொல்லிட்டு கையோட கொண்டு போயிருந்த எச்.டு.எஸ். பாட்டிலை எடுத்தேன். 1982ல குவாலியர் ராணுவ ஆய்வுக்கூடத்துல மாஞ்சாங்குறவர் குழு கண்டுபிடிச்ச ரொம்ப எளிமையான சோதனை. பாட்டில்ல தண்ணியை ஊத்தி வச்சா, மலக்கழிவுக் கிருமி இருந்தா ஒன்னு ரெண்டு நாள்ல கறுத்துடும். மறுநாள் காலையில பாட்டில் தார் மாதிரி. சித்தப்பா அதை வெளிச்சத்துல தூக்கி ரெண்டு தடவை பார்த்துட்டு, "நேத்து வெள்ளையாத்தானே ஊத்துன?"ன்னு மட்டும் கேட்டார்.

அவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். ஊருணியைத் தூர் வார்றது அருமையான வேலை. அதுல நிக்குற ஒவ்வொரு துளியும் சுத்தி இருக்குற கிணறுகளோட உப்பைக் குறைக்கும். படியில இறங்கி நேரா மொண்டு குடிக்க மட்டும் வேணாம். குடிக்கணும்னே ஆசைன்னா ஊருணிக்கிணத்துக்கு மூடி போட்டு, வாளியை வெளிய எடுத்துட்டு ஒரு பம்பு வச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டு, குழாய் முனையில 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கான்னு பார்த்துக் குடிக்கலாம். அது பழசை விடுறது ஆகாது, பழசுல ஒரு படி சேர்க்குறதுதான். 2009லேர்ந்து ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல சிவகங்கை மாவட்ட ஊர்களுக்கும் வர்ற காவிரித் தண்ணியும், திருச்சிப் பக்கம் ஆத்து மணலுக்குள்ள இறக்கின கிணறுகள்லேர்ந்துதான் வருது. தண்ணிக்குள்ள கிணறு வெட்டுனவனைப் பார்த்துச் சிரிச்சோமே, அதே வித்தை, கொஞ்சம் பெரிய அளவுல.

வீட்டுல சொந்த போர் வச்சிருக்கவங்க ஒரு லிட்டர் தண்ணியைப் பிடிச்சுக் குடிநீர் வாரியத்தோட மாவட்டப் பரிசோதனைக் கூடத்துல கொடுத்துப் பாருங்க. ஃபுளோரைடு, நைட்ரேட் ரெண்டையும் கேட்டு வாங்குங்க. காரைக்குடி டவுன்காரங்க "எங்களுக்கு சம்பை ஊற்று இருக்கு, எங்களுக்கெதுக்கு இதெல்லாம்"னு சொல்வீங்க, தெரியும். அந்தத் தண்ணியோட ருசிக்கு நானும் அடிமைதான். ஆனா அதுவும் குழாய்ல வந்து உங்க தொட்டியில விழுந்துதான் குடத்துக்கு வருது. தொட்டி கழுவி எத்தனை மாசம் ஆச்சு?

டிஸ்கி: ஊருணிக்குள்ள கிணறு இருக்குற ஊர்ப் பேருங்களை ஒரு பட்டியலாச் சேர்த்துக்கிட்டிருக்கேன். உங்க ஊர்ல இருந்தா, கிணறு நடுவுலயா கரையிலயா, கோடையில தண்ணி நிக்குதான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. படம் இருந்தா ரொம்ப சந்தோசம். இப்போதைக்கு அப்பீட்டு.